வெர்லின் சொன்ன பதில்

இன்ஜினியர்களுக்குத் தொழில் நெறி சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. சிரிக்க வேண்டாம். எங்கள் அயோவா மாநிலத்தில் லைசென்ஸ் வைத்திருக்கிற இன்ஜினியர் யாராக இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் வகுப்புகளில் உட்கார்ந்து மணிக்கணக்குச் சேர்க்க வேண்டும், அதில் கொஞ்சம் தொழில் நெறியாகவும் இருக்க வேண்டும். கான்கிரீட், மண், வெள்ளம் என்றால் ஆசையாக வருவார்கள். என் வகுப்புக்கு மட்டும் பல் பிடுங்கப் போகிற முகத்தோடு வருவார்கள். நானும் இன்ஜினியர்தான், இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு கட்டடங்களைப் பார்க்க ஏணி ஏற முடியாமல் போனதால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஊர் ஊராகப் போய் ஹோட்டல் அரங்குகளில் அதே வகுப்பை அதே நகைச்சுவைகளோடு வருஷம் முழுக்க நடத்துகிறேன்.

எங்களுக்கு ஒரு மணி என்பது ஐம்பது நிமிஷம். மீதி காபிக்கும் கழிப்பறைக்கும் என்று லைசென்ஸ் கொடுக்கிற போர்டே பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த ஐம்பது நிமிஷமும் ஆள் நாற்காலியில் இருக்க வேண்டும். முடிந்ததும் நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம். இன்னொரு விதியும் உண்டு. ஒரே வகுப்பில் எத்தனை தடவை உட்கார்ந்தாலும் கணக்கில் ஒரு தடவைதான் சேரும். இதை ஒவ்வொரு வகுப்பிலும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். அரங்கே சிரிக்கும். உன் வகுப்புக்கு எவனம்மா இரண்டாம் தடவை வருவான் என்கிற சிரிப்பு அது.

வெர்லின் ஸ்கோக்லண்ட் வந்தார்.

டெகோராவில் நானும் அவரும் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில், இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பனி விஷயத்தில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்காவது மாட்டுக் கொட்டகையின் கூரை பனியின் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது என்றால், சொந்தக்காரன் காப்பீட்டுக்காரனைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிடுவான். அலுவலகத்தை மூடிய பிறகும் அவர் ஓயவில்லை. வீட்டின் நிலவறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு, கொட்டகை, சர்ச், தானியக் கிடங்கு என்று சின்னச் சின்ன வேலைகளுக்குக் கணக்குப் போட்டு, லைசென்ஸ் உள்ளவர் மட்டும் குத்தக்கூடிய தன் முத்திரையைக் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் மேசன் சிட்டி வகுப்புக்கு அவர் முதல் முறை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, கையில் காபி. முன்வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பழைய சிநேகிதத்துக்காக வந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வகுப்பின் நடுவில் நான் ஒரு கேள்வி வைப்பேன். ஒரு அலுவலகத்தில் வயதான இன்ஜினியர் ஒருவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பிக்கிறது. கணக்கில் தப்புகள் வருகின்றன. பக்கத்து மேஜை சிநேகிதர் அதையெல்லாம் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். அந்தச் சிநேகிதர் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு நேராகப் பேச வராது. வீடு பற்றி எரிந்தால்கூட, "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்குதோ?" என்றுதான் கேட்போம். மேலதிகாரிக்கு ஜாடையாகச் சொல்லலாம் என்பார் ஒருவர். மனைவியிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்பார் இன்னொருவர். அவராகவே ஓய்வு பெறும் வரை பொறுத்திருக்கலாம் என்று ஒரு கூட்டம் தலையாட்டும்.

அன்று வெர்லின் கையைத் தூக்கினார்.

"நேரா அவர்கிட்டயே போய்ச் சொல்லணும். மேலதிகாரிகிட்ட இல்ல, பொண்டாட்டிகிட்ட இல்ல. அவர்கிட்ட. ஆனா மொதல்ல ஒரு காபி குடிக்க விடணும். வெறும் வயித்துல அந்த மாதிரி சேதிய யாருக்கும் சொல்லக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்.

மே மாதம் ஏம்ஸில் வகுப்பு. அங்கேயும் முன்வரிசையில் வெர்லின். அதே கேள்விக்கு அதே கை தூக்கல். அதே பதில், வார்த்தை மாறாமல், வெறும் வயிறு உட்பட. மனிதர் என்னைக் கிண்டல் பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்து மேஜையில் இருந்த காலத்தில் என் காபிக் கோப்பையில் உப்பைப் போட்டவர் அவர். வகுப்பு முடிந்ததும், இதற்கெல்லாம் மணி சேராது தெரியுமல்லவா என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் சிரித்தார். புரியாத நகைச்சுவைக்கு மரியாதைக்காகச் சிரிப்பார்களே, அப்படிப்பட்ட சிரிப்பு. அது எனக்கு உறைத்தது பிற்பாடுதான்.

அக்டோபரில் சூ சிட்டி. மாநிலத்தின் இந்தக் கோடியில் டெகோரா, அந்தக் கோடியில் சூ சிட்டி. அறுவடைக் காலம் வேறு, சாலை முழுக்க அறுவடை இயந்திரங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு தூரம் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, வகுப்பு தொடங்கும் முன் நேராக என்னிடம் வந்து கையைக் குலுக்கினார்.

"நீ வகுப்பு எடுக்கறேன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து ஒரு தடவையாவது வரணும்னு நெனச்சிட்டே இருந்தேன், ஆர்லிஸ். இன்னைக்குத்தான் வாச்சுது."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கிண்டல் இல்லை. பழைய சிநேகிதியைப் பார்த்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கேள்வி எழுதிய படம் திரையில் வந்துவிட்டது. வெர்லின் கையைத் தூக்கினார். நேராகப் போய்ச் சொல்ல வேண்டும், முதலில் காபி, வெறும் வயிறு. அரங்கு சிரித்தது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது, இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு வைத்தேன். ஊருக்கு வெளியே இருக்கிற சர்ச்சுக்குச் சாப்பாட்டுக் கூடம் கட்டுகிறார்களாம், கூரைக்கு இவர்தான் கணக்காம். டிசம்பர் மீன் விருந்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பாதிரியார் அவசரப்படுத்துகிறாராம். "பனி விழறதுக்குள்ள கூரை ஏறிடும்" என்றார். அந்த மீன் விருந்துக்கு ஊரே வரும். நானும் போவேன்.

அவர் வண்டி கிளம்பியதும் நான் என் காரில் உட்கார்ந்து அவர் மனைவி லவோனுக்குப் போன் செய்தேன். லவோன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவள், எதற்கும் கலங்காதவள். சூ சிட்டியா என்று கேட்டாள். வாட்டர்லூ போவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். இந்த வருஷம் வகுப்பு வகுப்பென்று எத்தனை ஊர் போனார் என்று அவளுக்கே கணக்கில்லை. அதில் மூன்று தடவை வந்தது என் ஒரே வகுப்புக்குத்தான், அது கணக்கில் ஒரு தடவைதான் சேரும் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"வகுப்புக்குக் கெளம்பற அன்னைக்கு மட்டும் அவர் பழைய வெர்லினா இருக்கார், ஆர்லிஸ். தானே சட்டைய இஸ்திரி போட்டுக்கறார். இந்த ஒரு தடவ எப்படியாவது புதுப்பிச்சுக்கட்டும். அது போச்சுன்னா அவர்கிட்ட வேற என்ன இருக்கு?"

சர்ச் கூரை என்ன ஆகும் என்று கேட்டேன். சின்ன வேலைதானே என்றாள். அவள் குரலிலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள் பாதிரியாரைப் பார்க்கப் போனேன். சும்மா பார்க்கத்தான் என்று பூசி மெழுகி, வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். பழைய சர்ச் உயரம். அதன் சுவரை ஒட்டிப் புதிய கூடம் தாழ்வாக வருகிறது. காற்று அடித்தால் மேல்கூரைப் பனி முழுவதும் வழித்துக் கீழ்க்கூரையில் கொட்டும், சுவரோரமாக மலையாகக் குவியும். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் உத்தரத்தின் கனத்தை முடிவு செய்ய வேண்டும். வெர்லின் அதைச் சேர்க்கவே இல்லை. வானத்திலிருந்து நேராக விழும் பனியை மட்டும் எடுத்துக்கொண்டு, சுத்தமாகக் கணக்குப் போட்டு, முத்திரை குத்தியிருந்தார். உயரக் கூரைக்குப் பக்கத்தில் தாழ்ந்த கூரை வந்தால் முதலில் குவியலைப் பார் என்று எங்களை இருபது வருஷம் கத்திக் கத்தியே சாகடித்தவர் அவர். நான் பாதிரியாரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உத்தரத்தை இப்போதைக்கு ஏற்ற வேண்டாம், மறுகணக்கு நான் போட்டுத் தருகிறேன், வெர்லினிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

கூரைக்கு வழி பண்ணியாயிற்று. ஆனால் முத்திரை அவர் வீட்டில் இருக்கிறது, அடுத்த கொட்டகைக்காரன் நாளைக்கே வந்து கதவைத் தட்டலாம். போர்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் அவர் எத்தனையோ பேர் முன்னால் அதற்குப் பதில் சொல்லிவிட்டாரே. மேலதிகாரியிடம் இல்லை, மனைவியிடம் இல்லை. அவரிடம்.

அந்த வாரமே போனேன். லவோன் கதவைத் திறந்தாள். என் கையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தாள், நேராகக் காபி போடப் போனாள். நானும் வெர்லினும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். வானிலை பேசினோம். சோளத்தின் ஈரப்பதம் பேசினோம். சாலையில் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளத்தைப் பற்றி இருவரும் ஒரே மாதிரி கோபப்பட்டோம். லவோன் வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டுச் செய்த துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் பக்கத்தில் தட்டின் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டோம். பாதியாக வெட்டி எடுப்போம், பிறகு பாதியில் பாதி. அன்று அந்தக் கடைசித் துண்டை வெட்டி வெட்டி, கத்தியில் ஒட்டுகிற அளவுக்கு ஆக்கிவிட்டேன்.

வெர்லின் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"காபி குடிச்சாச்சு, ஆர்லிஸ். சொல்லு."

இன்றுவரை எனக்குத் தெரியாது, அவருக்கு அது நினைவிருந்து சொன்னாரா, வெறுமனே சொன்னாரா என்று. நான் சொன்னேன். மென்று விழுங்காமல் சொன்னேன். என் வகுப்புக்கு மூன்று முறை வந்தீர்கள், வந்தது உங்களுக்கு நினைவில்லை என்றேன். கணக்கு இப்போது உங்கள் கைக்குள் இல்லை என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்பவில்லை. நான் வரைபடத்தை மேஜையில் விரித்தேன்.

குனிந்து பார்த்தார். அவர் விரல் கூரை வழியாக மெல்ல நகர்ந்தது. இரண்டு கூரைகளும் சந்திக்கிற இடத்தில் நின்றது. அவர் முகத்தில் அந்தப் பழைய எரிச்சல் வந்தது, எங்களைத் திட்டுவதற்கு முன் வருகிற எரிச்சல்.

"இங்க பனி குவியுமே. அதச் சேக்காம விட்டிருக்கான். யார் போட்ட கணக்கு இது?"

விரல் கீழே இறங்கியது. மூலையில் இருந்த முத்திரையில் தன் பெயரைப் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார். லவோன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குத் தொட்டியில் ஒன்றும் இல்லை.

அவர் எழுந்து நிலவறைக்கு இறங்கிப் போனார். வந்தபோது கையில் முத்திரை இருந்தது. பல வருஷமாகக் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கைப்பிடியில் வார்னிஷ் போயிருந்தது.

"இத நீயே எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா நாளைக்கே மறுபடி குத்திடுவேன். நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்காது, இல்லையா?"

இருக்காது என்றேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று போர்டுக்கு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். லவோன் அன்றே தபாலில் சேர்த்தாள். எங்கள் ஊரில் ஒருவரை வழியனுப்புவது லேசில் முடியாது. கதவில் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, கார் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னொரு பேச்சு. அன்று அவர் கதவோடு நின்றுவிட்டார். மற்றவர்களாக இருந்தால் சுற்றி வளைத்திருப்பார்கள், நீ வந்து சொன்னாயே, அதற்கு நன்றி என்றார். முத்திரை என் கோட்டுப் பையில் கனத்தது. வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

டிசம்பர் கடைசி வாரம் வாட்டர்லூவில் வருஷத்தின் கடைசி வகுப்பு. இரண்டு வருஷம் தூங்கிவிட்டுக் கடைசி நாளில் ஓடி வருகிற கூட்டம், உட்கார இடமில்லை. ஆனால் முன்வரிசை மட்டும் வழக்கம்போல் காலி. அதில் ஒரே ஒரு ஆள். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, கையில் காபி.

லவோன் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றிருந்தாள். நான் அவளிடம் போனேன்.

"காலைல எந்திரிச்சு, லைசென்ஸ் முடியப் போவுது, வகுப்புக்குப் போகணும்னு நிக்கறார். முன்னாடி ரெண்டு தடவ எடுத்துச் சொன்னேன், ஆர்லிஸ். ரெண்டு தடவையும் மொத தடவ கேக்கற மாதிரியே உடஞ்சு போய்ட்டார். மறுநாள் அதுவும் மறந்து போச்சு. இன்னொரு தடவ சொல்ல என்னால ஆகல. அதான் நானே ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துவிட்டு மேடைக்குப் போனேன். ஒரே வகுப்பு இரண்டு தடவை சேராது என்ற விதியைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார்.

கேள்வி வந்தது. அவர் கை தூக்கினார். நேராக அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். முதலில் காபி குடிக்க விட வேண்டும் என்றார். அரங்கு சிரித்து அடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர், அந்தப் பெரியவர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. வெர்லின் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்க மாட்டார். கொஞ்ச நேரம் வலிக்கும். ஆனா அவரும் இன்ஜினியர்தானே. ஜனங்க தலைமேல கூரை விழறதுக்கு இது மேல்னு அவருக்குத் தெரியும்."

அதன் பிறகு வகுப்பை எப்படியோ முடித்தேன். எல்லோரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு புதுப்பிக்க ஓடினார்கள். வெர்லின் கடைசியாக வந்தார். லவோன் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். வகுப்பு நன்றாக இருந்தது என்று பாராட்டினார், இத்தனை நாள் வராமல் போனேனே என்று வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சிநேகிதர் கதைய நீ முடிக்கவே இல்லையே. கடைசில போய்ச் சொன்னாரா, இல்லையா?"

உண்மையைச் சொல்வதா என்று ஒரு கணம் தவித்தேன். நேராகச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான். லவோனைப் பார்த்தேன். அவள் தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

"சொல்லிட்டாங்க" என்றேன். "காபி குடிச்சப்புறந்தான் சொன்னாங்க."

"அந்தப் பெரியவர் என்ன பண்ணார்?"

"வரைபடத்தப் பாத்தார். தப்பு எங்கன்னு அவரே கண்டுபிடிச்சார். கண்டுபிடிச்சதும் உள்ள போய் முத்திரைய எடுத்துட்டு வந்து அவங்க கைல கொடுத்துட்டார்."

வெர்லின் கொஞ்ச நேரம் அதை யோசித்தார்.

"அப்ப நல்ல இன்ஜினியர்தான்" என்றார்.

"ஆமா, வெர்லின். ரொம்ப நல்ல இன்ஜினியர்."

லவோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கனவே போட்டிருந்த கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி மறுபடி போட்டாள். அவர் சான்றிதழுக்காகக் கையை நீட்டினார். நான் அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐம்பது நிமிஷமும் அவர் நாற்காலியில் இருந்தார், அதில் பொய் எதுவும் இல்லை. அவர் அதை மடிக்காமல் இரண்டு கைகளாலும் வாங்கி லவோனிடம் காட்டினார்.

"அப்பாடா. இனிமே ரெண்டு வருஷத்துக்குக் கவல இல்ல" என்றார்.